பால் வந்த வழி

எங்கள் வீட்டுக் கூரையைவிட உயரத்தில் இன்னொருவருடைய தண்ணீர் நின்றது. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே, சாலையை விட்டு உள்ளே தள்ளி, நான் வாழ்க்கைப்பட்டுப் போன இடம் அது. கொல்லைக் கதவைத் திறந்தால் எதிரே மண்கரை. கரைக்கு அந்தப் பக்கம் தாங்கல். சின்ன ஏரியை எங்கள் பக்கத்தில் தாங்கல் என்றுதான் சொல்வோம். அரசாங்கத்து ஏரி இல்லை, ஊருக்குப் பொதுவானதும் இல்லை. ஒரே குடும்பத்துக்குச் சொந்தம். மேட்டிலிருந்து ஓடி வரும் மழைத் தண்ணீரை மண்கரை போட்டு மடக்கி, தங்கள் வயலுக்குப் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

கல்யாணமாகி வந்த புதிதில் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன், கரை உடைந்தால் என்ன செய்வது என்று. உடையாது என்றார். எப்படித் தெரியும் என்றேன். “இத்தினி வருஷமா ஒடயலியே” என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கே சொல்லவும் சொன்னேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அந்த வீட்டாருக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துபோனது நல்லதுதான்.

தாங்கல்காரருடைய வயலில் கூலிக்குப் போனவர் என் மாமனார். என் வீட்டுக்காரர் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். காக்கி உடை, சைக்கிள், மாதச் சம்பளம் எல்லாம் வந்துவிட்டது. ஆனாலும் தாங்கல்காரர் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார். தோளில் துண்டு கிடந்தால் அது தானாக இடுப்புக்கு வந்துவிடும். நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். இரவு சோறு போடும்போது, “துண்டு இன்னிக்கி எங்க கீது?” என்று கேட்பேன். அவர் குழம்பை ஊற்றிக்கொள்வார்.

கரைக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு வீடுகள் இருந்தன. எல்லாருமே ஒரு காலத்தில் அந்த வயலில் நாற்று நட்டவர்கள், அறுத்தவர்கள். கரையோரப் புறம்போக்கில் குடிசை போட்டு, பிறகு ஒவ்வொருவராக மண்சுவரும் ஓடுமாக மாற்றிக்கொண்டோம். எங்கள் கொல்லையில், கரையின் அடிவாரத்தில், ஒரு ஊற்று இருந்தது. தாங்கல் நிரம்பிய மாதங்களில் விரல் தடிமனுக்குத் தண்ணீர் சுரக்கும். கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். அதற்கு ஒரு வாய்க்கால் கீறிவிட்டு, பக்கத்தில் துவைக்கிற கல் போட்டிருந்தேன். அந்த ஊற்றுக்காகவே மற்ற வீட்டுப் பெண்கள் என்மீது பொறாமைப்பட்டார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு. அது ஊற்று இல்லை, கரை கசிகிறது என்று அப்போது எங்களில் யாரும் நினைக்கவில்லை.

கரையின் ஒரு கோடியில் கலங்கல் இருந்தது. தாங்கல் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்குக் கல் பாவி விட்டிருந்த தாழ்வான வழி அது. அங்கிருந்து ஓடை வழியாகத் தண்ணீர் வீடுகளை விட்டு ஒதுங்கிப் போய்விடும். நான் வந்த பிறகு சில வருஷங்களில் தாங்கல்காரர் அந்த ஓடையைச் சமப்படுத்தி வாழை வைத்தார். வாழைக்குள் தண்ணீர் வரக்கூடாதல்லவா? கலங்கலைப் பனந்துண்டும் மண்மூட்டையும் போட்டு அடைத்தார். ஒரே கல்லில் அவருக்கு இரண்டு லாபம். ஓடையில் வாழை, தாங்கலில் இன்னும் ஓர் ஆள் இடுப்பளவு தண்ணீர். கோடையில் கத்தரிக்கும் கீரைக்கும் ஆகும்.

எங்களுக்கு என்ன ஆகும் என்று அவர் யோசிக்கவில்லை. யோசிக்கிற இடத்தில் அவர் இல்லை. அவர் வீடு மேட்டில் இருந்தது.

நான் போய்க் கேட்டேன். வீட்டுக்காரர் வரமாட்டேன் என்றார், நான் மட்டும் போனேன். கரைமேல் குடை பிடித்து நின்றுகொண்டிருந்தார் தாங்கல்காரர். வெயிலோ மழையோ, கையில் அந்தக் கறுப்புக் குடை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

“கலங்கல அடச்சிட்டீங்களே ஐயா, மழை புடிச்சிகினா தண்ணி எங்க போவும்?” என்றேன்.

“தாங்கல்ல நிக்கும். அதுக்குத்தானே தாங்கல்.”

“கரை தாங்குமா?”

“எங்க தாத்தா போட்ட கரைம்மே இது. உன் மாமனாரு சேறு வாரிப் போட்ட கரை. அவரு கேக்காத கேள்வி நீ கேக்குறியா?”

“அவரு கேக்கலன்னுதான் நான் கேக்குறேன். ஒரு நாள் எங்க கொல்லையில வந்து நின்னு அண்ணாந்து பாருங்க ஐயா. அப்பால சொல்லுங்க.”

அவர் சிரித்துக்கொண்டே குடையை மடக்கினார். என் நிலம், என் கரை, என் தண்ணீர் என்றார். ‘என்’ என்று சொல்லும்போதெல்லாம் குடையின் நுனியால் தரையைக் குத்தினார். என் தலைமேல் நிற்கிற தண்ணீர் எப்படி உன் தண்ணீர் மட்டும் ஆகும் என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. வீட்டுக்கு வந்து பாத்திரங்களிடம் கேட்டேன். பாத்திரங்கள் நசுங்கின.

பிறகு வீட்டுக்காரரைச் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து விரட்டிக்கொண்டு பூந்தமல்லியில் இருந்த ஓர் அரசாங்க ஆபீசுக்குப் போனேன். அங்கே ஓவர்சியர் ஒருவர் இருந்தார். நல்ல மனுஷர். செம்பரம்பாக்கம் ஏரி என்றால் அரசாங்கத்துடையது, கரையைப் பார்க்க லஸ்கர் என்று ஒரு காவல் ஆள் இருக்கிறார், மழைக்காலத்தில் ராப்பகலாக ஆள் நடக்கும் என்றார். உங்களுடையது பட்டா தாங்கல், சொந்தக்காரர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், எங்களால் உள்ளே கால் வைக்க முடியாது என்றார். எழுந்து வரும்போது, கொல்லையில் ஊற்று இருக்கிறதா என்று அவராகவே கேட்டார். இருக்கிறது என்றேன்.

“தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் பயம் இல்லம்மா. கலங்கி வந்துச்சுன்னா கரைக்குள்ள மண்ணு கரையுதுன்னு அர்த்தம். அப்ப அங்க நிக்காதீங்க” என்றார்.

நிற்காமல் எங்கே போவது? அதை அவரிடம் கேட்டு என்ன பயன்? கரையான்சாவடியில் இறங்கி வெற்றிலை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம். வழியெல்லாம் வீட்டுக்காரர், “அதான் தெளிவாத்தானே கீது” என்று எனக்கும் தனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டே சைக்கிளை மிதித்தார்.

இனி என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரருடைய அக்கா. புருஷனை இழந்து எங்களோடுதான் இருந்தாள். குரலும் கையும் பெரியவை. கரைமேல், சரியாக எங்கள் வீட்டுக்கு நேர் மேலே, இடுப்புயரத்துக்கு ஒரு புற்று இருந்தது. கரையான் கட்டிய புற்றுதான். ஆனால் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை செருகி, அது எங்களுக்கு அம்மன். பூசாரி கிடையாது. நாத்தனார்தான் எல்லாம். வெள்ளிக்கிழமை அவள் விளக்கு வைக்காமல் வீட்டில் யாரும் சாப்பிட முடியாது.

தீபாவளி கழிந்த நாலாம் நாள் புற்றுக்குப் பால் வார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். தெலுங்கு பேசுகிற வீடுகளில் தொடங்கி எல்லா வீட்டுக்கும் பரவியது. அந்த வருஷம் புற்றுக்கு ஏகப்பட்ட கூட்டம். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியிருந்த பெண்களும் வந்துவிட்டார்கள். திருநெல்வேலிக்காரி ஒருத்தி, சேலத்துக்காரி ஒருத்தி, எந்தெந்த ஊரோ. அவர்களுக்கும் நாகம்மா வேண்டியிருந்தது. பிள்ளை வேண்டும், புருஷனுக்குப் பிரமோஷன் வேண்டும். செம்பு செம்பாகப் பாலும் மஞ்சள் தண்ணீரும் புற்றின் வாய்க்குள் இறங்கின. ஆளுக்கொரு முட்டையும் உள்ளே விட்டார்கள். நாத்தனார் தன் முட்டைக்கு மட்டும் குங்குமப் பொட்டு வைத்து விடுவாள், அம்மாவுக்கு அடையாளம் தெரிய வேண்டுமாம்.

நானும் வார்த்தேன். எனக்கும் நம்பிக்கை உண்டு. அதை இங்கே மறைக்க ஒன்றுமில்லை.

பொங்கல் தின்றுவிட்டு நான்தான் முதலில் கீழே இறங்கி, வீட்டிலிருந்த துணி மூட்டையோடு கொல்லைக்குப் போனேன். துவைக்கிற கல்லில் துணியைப் போட்டுவிட்டு வாய்க்காலில் கை வைத்தேன். தண்ணீர் வெள்ளையாக இருந்தது. ஓரத்தில் மஞ்சள் படிந்திருந்தது. கையை மோந்து பார்த்தேன். பால்.

அண்ணாந்து மேலே புற்றைப் பார்த்தேன். பின்னால் வந்த பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துவிட்டாள். அவள்தான் கத்தினாள். ஆனால் அவள் கத்தியது பயத்தில் இல்லை.

“நாகம்மா பாலு குடுக்குறாடீ! அம்மா எங்கள பாத்துட்டாடீ!”

அவ்வளவுதான். கரைமேல் இருந்த கூட்டம் முழுவதும் என் கொல்லைக்கு வந்தது. வேலியைச் சாய்த்தார்கள். என் துணிகளை மிதித்தார்கள். செம்பிலும் குடத்திலும் அந்தத் தண்ணீரைப் பிடித்தார்கள், கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், குடித்தார்கள். குவார்ட்டர்ஸ் பெண்கள் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். நாத்தனார் என் துவைக்கிற கல்லைக் கழுவி, அதற்கே பொட்டு வைத்து, கற்பூரம் ஏற்றினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. புருஷன் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அதனால் எனக்கு வாயைத் திறக்கவே கஷ்டமாக இருந்தது.

ஆனாலும் திறந்தேன்.

“அண்ணி, பாலு எங்க ஊத்துனோம்? மேல. எங்க வந்துச்சி? கீழ. நடுவுல ஒரு வழி கீது அண்ணி. பாலு வந்த வழியா தாங்கல் வராதா?”

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நாத்தனாருடைய சிரிப்பு போய்விட்டது. “வாயக் கழுவுடீ” என்றாள்.

சேதி கேட்டுத் தாங்கல்காரரே வந்தார். என் கொல்லைக்கு இல்லை. கரைமேல் நின்றபடியே எட்டிப் பார்த்தார். குடையை மடக்கிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். அம்மாவுக்குத் தகரக் கொட்டகை போட்டுத் தருகிறேன் என்றார். புற்றில் இனிமேல் ஒருத்தரும் கை வைக்கக்கூடாது, கரைக்குக் காவல் அவள்தான் என்றார். பெண்கள் குலவை போட்டார்கள். கரையை வெட்டிப் பார்க்க வேண்டும் என்று இனி யார் சொன்னாலும் அது அம்மன் குற்றம். ஒரு தகரக் கொட்டகைச் செலவில் எங்கள் எல்லார் வாயையும் கட்டிவிட்டார். அவருடைய கெட்டிக்காரத்தனத்தை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்று முதல் நாத்தனார் என்னோடு பேசவில்லை. ஒரே அடுப்பு, ஒரே குழம்பு, பேச்சு மட்டும் கிடையாது. உப்பு வேண்டுமென்றால் சுவரைப் பார்த்து, “உப்பு இல்ல போல கீது” என்பாள். நானும் சுவரைப் பார்த்தே பதில் சொன்னேன். வீட்டுக்காரர் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து வேகவேகமாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார்.

பிறகு மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை, விடாமல் கொட்டியது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். பிள்ளைகள் எல்லாம் வீட்டில் இருந்தார்கள். தாங்கல் ஏறிக்கொண்டே போனது. நான் மணிக்கொரு தரம் கொல்லைக்குப் போய் வாய்க்காலைப் பார்ப்பேன். தெளிவாக இருந்தால் மூச்சு வரும்.

ஒரு காலையில் வீட்டுக்காரர் வேலைக்குப் போன பிறகு பார்த்தேன். தண்ணீர் டீ நிறத்தில் வந்தது. விரல் தடிமனாக இருந்தது கைத் தடிமனாக ஆகியிருந்தது. சுரந்து வரவில்லை, தள்ளிக்கொண்டு வந்தது. அடியில் மண் குவிந்திருந்தது. ஓவர்சியர் சொன்னது காதில் கேட்டது. நிற்காதீர்கள் என்றார். நான் நின்றேன்.

நாத்தனாரும் பின்னாலேயே வந்து நின்றாள். இரண்டு பேரும் அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது சேற்றுத் தண்ணீரோடு உருண்டு ஒன்று வெளியே வந்து துவைக்கிற கல்லில் இடித்து நின்றது. முட்டை. உடையாத முழு முட்டை. நாத்தனார் குனிந்து எடுத்துப் புடவை முந்தியில் துடைத்தாள். ஒரு பக்கத்தில் குங்குமம் திட்டாக ஒட்டியிருந்தது.

அவளுடைய முட்டைதான்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு மேலே புற்றைப் பார்த்தாள், ஓட்டையைப் பார்த்தாள், மறுபடியும் மேலே பார்த்தாள். எனக்கு இன்னும் அந்த முகம் கண்ணில் நிற்கிறது. அழுவாள் என்று நினைத்தேன். அவள் முட்டையைத் துவைக்கிற கல்லில் பத்திரமாக வைத்துவிட்டுப் புடவையை இழுத்துச் சொருகினாள்.

“கொயந்தைங்கள பள்ளிக்கூடத்துக்கு அனுப்புடீ. மேட்ல கீது. கடப்பாறை எங்க?”

எத்தனையோ நாள் கழித்து என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

வீடு வீடாகப் போய் அவள் கதவைத் தட்டினாள். நான் சொல்லியிருந்தால் யாரும் வந்திருக்க மாட்டார்கள். பால் வார்க்கிறவளே சொன்னதால் எல்லாரும் வந்தார்கள். ஆண்கள் முக்கால்வாசிப் பேர் வேலைக்குப் போயிருந்தார்கள். பெண்கள்தான் கடப்பாறை, மண்வெட்டி, அரிவாள்மணை என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்தோம். அரிவாள்மணை எதற்கு என்று கேட்டால், மூட்டையை அறுக்க என்றாள் ஒருத்தி. அதுவும் சரிதான்.

கலங்கலுக்குப் போனோம். முதல் மூட்டையில் நான் கை வைத்தபோதே தாங்கல்காரர் குடையோடு ஓடி வந்தார்.

“இன்னாம்மே இது? யாரு சொத்துல கை வெக்கிறீங்க?”

“உங்க சொத்துதான் ஐயா. அதான் எங்க ஊட்டு மேல வந்து உழப் போவுது. பாலு வந்துச்சி, இப்போ முட்டை வந்துச்சி. அடுத்தது இன்னா வரும்னு நின்னு பாக்கச் சொல்றீங்களா?”

“வாழையெல்லாம் போவும்மே! இன்னும் தாரு வெட்டல!”

“வாழை போனா வேற வாழை வெப்பீங்க. எம் புள்ளைங்க போனா?”

போலீசைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிடுங்கள், அவர்களும் வந்து மூட்டை தூக்கட்டும் என்றேன். பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். பெண்கள் தன்னைத் தொட்டுத் தூக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில், மூட்டை அடுக்கின் நடுவில் ஏறி உட்கார்ந்துகொண்டார். குடையையும் விரித்துப் பிடித்துக்கொண்டார்.

எல்லாரும் ஒரு நிமிஷம் திகைத்தோம். அவர் வயலில் அப்பனும் ஆத்தாளும் வேலை செய்த பெண்கள். அவர் நிழலை மிதிக்காமல் ஒதுங்கிப் போய்ப் பழகிய கால்கள். யோசித்திருந்தால் திரும்பிப் போயிருப்போம். நாத்தனார் யோசிக்கவில்லை.

“அவரு குந்தட்டும். அவர இன்னா பண்ணப்போறோம்? இந்தப் பக்கம் நீ எடு, அந்தப் பக்கம் நான் எடுக்கிறேன்” என்றாள்.

எடுத்தோம். அவருக்கு இடப்பக்கம் ஒரு மூட்டை, வலப்பக்கம் ஒரு மூட்டை. அவரை ஒருத்தியும் தொடவில்லை, திட்டவில்லை. பனந்துண்டைக் கடப்பாறையால் நெம்பினோம். இடப்பக்கம் தண்ணீர் முதலில் கசிந்தது, பிறகு பாய்ந்தது. வலப்பக்கமும் திறந்துகொண்டது. நடுவில் ஒற்றை அடுக்கின் மேல், குடையும் கையுமாக அவர் உட்கார்ந்திருந்தார். கீழே மண் அரித்து மூட்டை ஆடியதும் தாமாகவே எழுந்தார். கை நீட்டினார். நான்தான் பிடித்து இழுத்துக் கரையேற்றினேன். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கவில்லை. நன்றாகச் சிரித்தேன்.

தாங்கல் திறந்த வழியில் இறங்கியது. ஓடையில் நின்ற வாழை வரிசை வரிசையாகச் சாய்ந்தது. ஓடை தன் பழைய பாதையைப் பிடித்துக்கொண்டு வீடுகளை விட்டு ஒதுங்கிப் போனது. பிரித்த மூட்டைகளைத் தலைமேல் சுமந்து வந்து என் கொல்லையில் ஓட்டையைச் சுற்றி அடுக்கினோம். சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தபோது தண்ணீர் மட்டம் இடுப்பளவு குறைந்திருந்தது. வாய்க்காலில் வந்த தண்ணீர் மெலிந்து, விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தெளிய ஆரம்பித்தது. ஒரு வீடும் விழவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து பசி பசி என்று வந்தார்கள். அன்று யாரும் சமைக்கவே இல்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மழை விட்டதும் பஞ்சாயத்து கூடியது. தாங்கல்காரர் பிராது கொடுத்திருந்தார். ஒருத்தர் சொத்தைச் சேதப்படுத்தியது தப்பு, பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டால் விஷயம் முடிந்தது என்றார்கள். கேட்டுவிடு என்று எங்கள் சொந்தக்காரர்கள் கண்ணைக் காட்டினார்கள். நான் எழுந்து நின்றேன்.

“கேக்குறேன். அதுக்கு முன்ன ஐயா ஒரு வாரம் எங்க ஊட்ல வந்து தங்கட்டும். கலங்கல அடச்சிக்கட்டும், தாங்கல் ரொம்பட்டும். எங்க கொல்லையில பாய் போட்டுப் படுத்து, தூங்கி எழுந்துகினு வந்து ‘பயமில்ல’ன்னு சொல்லட்டும். அவரு கால்ல உழுந்து கேக்குறேன்.”

தாங்கல்காரர் குடைப் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். “இந்தப் பொம்பளைய அடக்க ஆள் இல்லியா?” என்று பின்வரிசையில் யாரோ முனகினார்கள். அப்போது என் வீட்டுக்காரர் எழுந்தார். அடக்கத்தான் எழுகிறார் என்று நினைத்தேன்.

“மறுபடியும் அடச்சீங்கன்னா நானும் லீவு போட்டுட்டு வருவேன், ஐயா” என்றார்.

ஐயா என்றுதான் சொன்னார். ஆனால் துண்டு தோளிலேயே கிடந்தது. அன்று இரவு சோறு போடும்போது நான் ஒன்றும் கேட்கவில்லை, இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.

மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. கலங்கலும் அடைபடவில்லை. மிச்சமிருந்தது புற்று.

கோடையில் தாங்கல் வற்றியதும் கரையைத் திறந்து பார்த்து அடைக்க வேண்டும் என்று பஞ்சாயத்திலேயே பேச்சாகிவிட்டது. தாங்கல்காரர் ஆள் அனுப்பினார். வந்த ஆட்கள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு நின்றார்கள். அம்மன் புற்றில் யார் முதல் வெட்டு வெட்டுவது? வீட்டில் பிள்ளைகுட்டி இருக்கிறது என்றார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

நாத்தனார் தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். புற்றுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். “நீதானே முட்டைய திருப்பிக் குடுத்த? வேணா போன்னு நீதானே சொன்ன? அப்புறம் எம்மேல கோச்சிக்கக் கூடாது” என்று சத்தமாகவே சொன்னாள். மண்வெட்டியை ஓங்கி முதல் வெட்டு அவள் போட்டாள். இரண்டாவது நான்.

உள்ளே பாம்பு இல்லை. கரைக்குள் ஒரு காலத்தில் நின்ற பனையின் அடிமரம் மட்கிக் கிடந்தது. அந்தக் காலத்தில் பனைகளை வெட்டி விற்றவர்கள் அடியை அப்படியே விட்டுவிட்டார்கள். வேர்கள் மட்கி, வேர் இருந்த இடமெல்லாம் குழாயாகி, அதில் கரையான் குடியேறி, மேலே புற்று எழுப்பியிருந்தது. கீழ்நோக்கிப் போன ஒரு பொந்தில் என் கை தோள்வரை நுழைந்தது. எங்கள் வீட்டை நோக்கித்தான் அது போனது. என் ஊற்று அங்கிருந்துதான் வந்தது. இத்தனை வருஷமாக அதில் துணி துவைத்திருக்கிறேன், பெருமைப்பட்டிருக்கிறேன்.

அடிமரத்தைத் தோண்டி எடுத்துக் களிமண்ணை ஈரப்படுத்திப் போட்டு, அடுக்கடுக்காகத் திமிசு கட்டையால் இடித்து, மாடுகளை விட்டு மிதித்தார்கள். செலவு தாங்கல்காரருடையது. உழைப்பில் எங்கள் பங்கும் இருந்தது. ஒவ்வோர் அடுக்கையும் நாத்தனார் ஏறிக் குதித்துப் பார்த்தாள், சரியில்லை என்றால் மறுபடியும் இடிக்கச் சொன்னாள். புற்று இருந்த இடத்தில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசினோம். பக்கத்தில் வாய் அகலமான ஒரு சின்னக் குழி விட்டோம், பால் வார்க்க.

அடுத்த தீபாவளியும் வந்தது. நாலாம் நாள் தாங்கல் கலங்கல் வரைக்கும் நிரம்பி, கலங்கலில் மெல்ல வழிந்துகொண்டிருந்தது. போன வருஷத்தைவிடக் கூட்டம் அதிகம். செம்பும் குடமுமாகப் பால் வந்துவிட்டது. நான் மஞ்சளைக் குழைத்துப் பாலில் நன்றாகக் கலந்தேன், நிறம் தெரிய வேண்டும் என்று. கற்பூரத்தை ஏற்றப் போன ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“இரு. மொதல்ல கீழ பாக்கணும்” என்றேன்.

“அம்மாவ சோதிக்கிறியா?” என்றாள் அவள்.

“ஆமா. அவ ஒண்ணும் கோச்சிக்க மாட்டா. கரைய சோதிக்கிறேன்னு வெச்சிக்கோ.”

நாத்தனார் கீழே என் கொல்லையில், துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மேலே நின்று வார்த்தேன். எல்லாரும் வார்த்தார்கள். குழி நிறைந்து நின்றது. அப்போதுதான் கவனித்தேன். என் கொல்லை வேலியைத் தாண்டிக்கொண்டு கறுப்புக் குடை ஒன்று உள்ளே வந்தது. தாங்கல்காரர். யார் கூப்பிட்டார்கள் என்று தெரியாது. நாத்தனாருக்குப் பக்கத்தில் போய் நின்று, குடையைச் சாய்த்து, அண்ணாந்து கரையைப் பார்த்தார். அந்த இடத்திலிருந்து அதை அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர் தலை தண்ணீர் மட்டத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று மேலே நின்ற எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். குடையை மடக்கிவிட்டுக் குனிந்தார்.

“வருதாம்மே?” என்று அவர் கேட்டது கரைமேல் வரைக்கும் கேட்டது. குரலில் பயம் இருந்தது. எங்களுக்கு அவ்வளவு வருஷமாக இருந்த அதே பயம்.

வாய்க்காலில் மழைத் தண்ணீர் மட்டும் கொஞ்சம் தேங்கியிருந்தது. நாத்தனார் அதில் கையை விட்டு எடுத்தாள், மோந்து பார்த்தாள், மறுபடியும் விட்டு எடுத்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவரும் நின்றார். நாங்களும் நின்றோம். பிறகு அவள் எழுந்து, அவரைப் பார்க்காமல், மேலே என்னைப் பார்த்துக் கத்தினாள்.

“வரலடீ! ஏத்துடீ கற்பூரத்த!”

ஏற்றினேன்.